சுங்கை சிப்புட்டிலிருந்து இரட்டைக் கோபுரத்துக்கு ஒரு நாள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் பள்ளி விடுமுறைக்குக் குடும்பமாகவோ, கோயில் குழுவோடு பஸ் பிடித்தோ கோலாலம்பூர் போகிறவர்களுக்கான பக்கம் இது. போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். மிச்சமிருக்கும் பொழுதில் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தைச் சுற்றி எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று கேட்கிறவர்களே அதிகம்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

கோபுரத்தில் ஏறும் நேரத்தை. டிக்கெட்டில் தேதியோடு நேரமும் இருக்கும். அதை வைத்துத்தான் மற்ற இடங்களைக் கோர்க்க முடியும். எல்லாவற்றையும் திட்டமிட்டுவிட்டு டிக்கெட்டைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் ஏறாமலே திரும்பி வருகிறார்கள்.

வழக்கமாகத் திங்கட்கிழமை பார்வையாளர்களுக்கு விடுவதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை இடைவேளை உண்டு. நம்மில் பலருக்கு ஓய்வு நாள் ஞாயிறு. ஊருக்கெல்லாம் அதுதான் ஓய்வு நாள் என்பதால் டிக்கெட் சீக்கிரம் தீரும். இணையத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். அன்று காலை முகப்பில் போய்க் கேட்டால் பிற்பகல் நேரம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இருபது பேர் போகும்போது இந்த நம்பிக்கை உதவாது.

எந்த நேரம் எடுப்பது? காலை 6 மணிக்குப் புறப்படுகிறவர்கள் 11 அல்லது 11.30-ஐ எடுப்பது உத்தமம். 9.30 என்று எடுத்துவிட்டு, தஞ்சோங் மாலிம் தாண்டி ரவாங் பக்கம் வரிசையில் மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நொந்துபோவது வழக்கமான கதை. நேரம் தவறினால் டிக்கெட் காசு போனதுதான். சூரியன் இறங்கும் 7 மணி வாக்கில் ஏறுவது அழகு, ஆனால் அந்த நேரத்து டிக்கெட்டுகள் முதலில் தீரும். வீடு வந்து சேர நடுநிசியும் ஆகிவிடும்.

டிக்கெட் வாங்கினால் என்னென்ன காட்டுவார்கள்?

இரண்டு இடங்கள். முதலில் 41-ஆம் மாடியில் இரு கோபுரங்களையும் இணைக்கும் வான்பாலம். தரையிலிருந்து 170 மீட்டர். பத்துப் பதினைந்து நிமிடம் நிற்கலாம். பிறகு மின்தூக்கியில் 83-க்குப் போய், அங்கே இன்னொரு மின்தூக்கி மாறி, 86-ஆம் மாடிக் காட்சிக்கூடம். கண்ணாடிக்கு வெளியே மற்றக் கோபுரத்தின் கூர்முனை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தெரியும். கீழிருந்து பார்த்தால் தெரியாத வேலைப்பாடு அது. பணம் கொடுத்து ஏறுவதற்கு அதுவே போதுமான காரணம்.

எல்லாம் குழு குழுவாகத்தான் நடக்கும். கூப்பிட்டதும் நகர வேண்டும். மொத்தம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். பதினைந்து நிமிடம் முன்னதாகக் கீழ்த்தள முகப்பில் இருங்கள், ஏனென்றால் பாதுகாப்புச் சோதனையும் பை ஒப்படைப்பும் உண்டு. பெரிய பை, தண்ணீர் போத்தல், தின்பண்டம் எதுவும் மேலே போகாது.

மைகார்டு தேவையா?

கட்டாயம். மலேசியருக்குக் கட்டணம் வெளிநாட்டவரைவிடக் கணிசமாகக் குறைவு, அடையாள அட்டையைக் காட்டினால்தான் அந்தச் சலுகை. பிள்ளைகளுக்கு மைகிட் எனும் சிறுவர் அடையாள அட்டை. சிறுவர்க்கும் மூத்த குடிமக்களுக்கும் தனிக் கட்டணம் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர் யாராவது கூட வந்தால் அவருக்கு வெளிநாட்டவர் டிக்கெட்தான். அங்கே போய் வாதாடிப் பயனில்லை.

காரில் போவதா, ரயிலில் போவதா?

காரில் சுமார் 230 கிலோமீட்டர். பிளஸ் நெடுஞ்சாலையில் நேராக ஜாலான் டூத்தா டோல் வரை போய் நகருக்குள் நுழையலாம். ஆனால் நாங்கள் சொல்வது வேறு வழி: நகருக்குள் காரை ஓட்டாதீர்கள். சுங்கை பூலோவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, எம்ஆர்டி நகர ரயில் நிலைய நிறுத்துமிடத்தில் காரை விடுங்கள். அங்கிருந்து புத்ராஜெயா வழித்தட ரயில் மாறாமலே பெர்சியாரான் கேஎல்சிசி நிலையம் வரை போகும். கேஎல்சிசி என்பது கோபுரம் நிற்கும் வட்டாரம். முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலிருந்து பூங்கா வழியாக நடந்தால் கோபுரம். 2023 மார்ச்சில்தான் இந்த வழித்தடம் முழுதாகத் திறந்தது. அதனால் ஊரில் பலருக்கு இன்னும் இது பழக்கத்துக்கு வரவில்லை.

கோபுரத்தோடு ஒட்டிய சூரியா கேஎல்சிசி கடைத்தொகுதிக்கு அடியில் கார் நிறுத்துமிடம் பெரிதாக உண்டு. ஞாயிறு மதியம் நுழைவதற்கே வரிசை. அங்கேதான் விடுவேன் என்றால், தூணில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். தளத்தின் நிறம் மட்டும் நினைவிருந்தால் அரை மணி நேரம் தேட வேண்டும்.

ரயிலில் போகிறவர்களுக்கு இடிஎஸ் மின்ரயில். எல்லா வண்டியும் சுங்கை சிப்புட்டில் நிற்பதில்லை. தோதான நேரம் இல்லையென்றால் ஈப்போவில் ஏறுங்கள். விடுமுறைக் காலத்தில் திரும்பும் டிக்கெட்தான் முதலில் தீரும், இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, கெலானா ஜெயா வழித்தட எல்ஆர்டி நகர ரயிலில் கோம்பாக் திசை. பாசார் செனி, மஸ்ஜிட் ஜாமேக், டாங் வாங்கி, கம்போங் பாரு, ஐந்தாவது நிறுத்தம் கேஎல்சிசி. எதிர்த் திசையில் ஏறினால் பங்சார் போய்ச் சேர்வீர்கள். மோனோரயில் கேஎல்சிசிக்குப் போகாது, அதில் ஏற வேண்டாம்.

நகர ரயில் கட்டணத்துக்கு ஆளுக்கொரு டச் அண்ட் கோ அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டிக் குடும்பமே நுழைய முடியாது. அட்டை இல்லாதவர்கள் இயந்திரத்தில் நீல நிற வில்லை வாங்கலாம். நுழையும்போது தட்டி, வெளியேறும்போது துளையில் போட வேண்டும். சின்னப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் தொலையும்.

பஸ் எடுத்துப் போகிறோம். எங்கே இறங்குவது?

ஜாலான் அம்பாங் முகப்பில் பஸ் நின்று காத்திருக்க முடியாது. இறக்கிவிட்டுப் போய், சொன்ன நேரத்துக்கு வந்து ஏற்ற வேண்டும். ஆகவே இறங்கும் இடமும் ஏறும் இடமும் நேரமும் ஓட்டுநரோடு ஊரிலேயே பேசி முடிவாகட்டும். நாற்பது பேர் இறங்க ஐந்து நிமிடம். ஏற இருபது நிமிடம் ஆகும், ஏனென்றால் நான்கு பேர் எப்போதும் கழிவறையில் இருப்பார்கள்.

அந்த வான்பாலம் ஆடுமாமே, பயமில்லையா?

ஆடுவது கோபுரங்கள். உயரமான கட்டடம் எதுவும் காற்றுக்குச் சற்று அசையும். இரண்டு கோபுரங்களும் ஒரே மாதிரி அசையா. பாலத்தை இருபுறமும் இறுக்கிப் பூட்டியிருந்தால் அந்த இழுப்பில் முறிந்துவிடும். அதனால் முனைகளைப் பூட்டாமல், உள்ளே வெளியே நழுவும்படி விட்டிருக்கிறார்கள். அடியிலிருந்து தாங்குவது 29-ஆம் மாடியிலிருந்து எழும் இரண்டு கால்கள். பாலத்தின் நீளம் 58 மீட்டர், எடை சுமார் 750 டன், 41, 42 என இரு அடுக்கு. ஒரு கோபுரத்தில் தீ பிடித்தால் மற்றதற்குள் ஆட்களைக் கடத்தும் வழியும் அதுவே.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னும் சில: 88 மாடி, 451.9 மீட்டர், வரைந்தவர் சேசர் பெல்லி. 2004-இல் தைவானின் தைப்பே 101 எழும்வரை உலகிலேயே உயரமான கட்டடம் இதுதான். கோபுரம் நிற்கும் இடம் முன்பு குதிரைப் பந்தயத் திடல். அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறை மேடும் பள்ளமுமாக இருந்ததால், முதலில் குறித்த இடத்திலிருந்து 60 மீட்டர் நகர்த்தி, மண்ணின் பிடிப்பிலேயே நிற்கும் ஆழமான தூண்களை இறக்கினார்கள். சில 100 மீட்டருக்கும் அதிக ஆழம். மேலே பார்த்து வாய் பிளக்கிறவர்கள் கீழே இருப்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஏறாமல் சும்மா பார்த்துவிட்டு வரலாமா?

தாராளமாக. ஐந்தாறு பேர் குடும்பத்துக்கு டிக்கெட் செலவு சின்னதல்ல. 50 ஏக்கர் பூங்கா இலவசம். பிரேசில் நாட்டு ராபர்ட்டோ பூர்லே மார்க்ஸ் வடிவமைத்தது. நடைபாதை, விளையாட்டுத் திடல், பிள்ளைகள் கால் நனைக்கும் தண்ணீர்க் குளம் எல்லாம் உண்டு. ஏரியின் நீரூற்று இரவு 8 மணி முதல் வெளிச்சத்தோடும் இசையோடும் ஆடும். சூரியா கேஎல்சிசியின் பின்வாசல் படிகளில் அரை மணி முன்பே இடம் பிடியுங்கள்.

பிள்ளைகள் அந்தக் குளத்தைப் பார்த்ததும் இறங்காமல் விடமாட்டார்கள். மாற்றுத் துணி, துண்டு, ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை. திங்கட்கிழமையில் குளத்தைச் சுத்தம் செய்ய மூடுவார்கள்.

பெட்ரோசைன்ஸ், அக்குவாரியா, இரண்டில் எது?

ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். நாலாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பெட்ரோசைன்ஸ். சூரியா கேஎல்சிசியின் நான்காம் மாடியில் இருக்கிறது. தொட்டு, திருகி, அழுத்திப் பார்க்கும் அறிவியல் கூடம், மூன்று மணி நேரம் போவதே தெரியாது. பள்ளி விடுமுறையும் பொது விடுமுறையும் இல்லாத திங்களில் மூடியிருக்கும். அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு அக்குவாரியா: கேஎல்சிசி மாநாட்டு மையத்துக்கு அடியில், 90 மீட்டர் கண்ணாடிச் சுரங்கத்தில் தலைக்கு மேல் சுறா நீந்தும். ஒன்றரை மணி நேரத்தில் முடியும். சூரியாவிலிருந்து நிலத்தடி நடைபாதையிலேயே போய்விடலாம், மழை வெயில் கவலையில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர்களை அழைத்துப் போகிறவர்கள் இரண்டிலும் குழுக் கட்டணம் உண்டா என்று முன்பே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

கேஎல் கோபுரமும் பக்கத்தில்தானே? அதில் ஏறினால் போதாதா?

பலருக்கு அதுவே போதும். இரட்டைக் கோபுரத்தில் ஏறினால் நகரம் தெரியும், இரட்டைக் கோபுரம் தெரியாது. அதைப் பார்க்க கேஎல் கோபுரம்தான் தோது. உயரம் 421 மீட்டர், காட்சித்தளம் 276 மீட்டரில். புக்கிட் நானாஸ் குன்றின்மேல் நிற்பதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது இரட்டைக் கோபுரத்தையே மிஞ்சுவதுபோல் தோன்றும். குன்றைச் சுற்றியிருப்பது 1906-இல் அறிவிக்கப்பட்ட காட்டுக் காப்பகம். கட்டும்போது அங்கிருந்த ஒரு பழைய ஜெலுத்தோங் மரத்தை வெட்டாமல், அதைச் சுற்றித் தாங்குசுவர் எழுப்பிக் காப்பாற்றினார்கள். பால்மரம் சீவிப் பழகிய கண்ணுக்கு அந்த மரம் பிடிக்கும். அதிலும் பால் வரும், ஒரு காலத்தில் சூயிங்கம் செய்ய ஏற்றுமதியானது. அருகிலுள்ள எல்ஆர்டி நிலையம் டாங் வாங்கி. நிலையத்திலிருந்து ஏற்றம், வயதானவர்களுக்குக் கிராப் வாடகைக் கார் பிடித்துக் கொடுங்கள்.

118 மாடிக் கட்டடம்?

மெர்டேக்கா 118, 678.9 மீட்டர். உலகின் இரண்டாவது உயரமான கட்டடம். 1957 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம் அறிவித்த மெர்டேக்கா அரங்கத்தின் பக்கத்தில் நிற்கிறது. கேஎல்சிசியிலிருந்து நடக்கும் தூரமில்லை. வெளியிலிருந்து பார்க்க பெட்டாலிங் ஸ்திரீட் பக்கமிருந்தே நன்றாகத் தெரியும்.

படம் எடுக்க நல்ல இடம் எது?

முகப்பு நீரூற்றுக்கு எதிரே நின்றால் கூட்டம், கோபுரமும் முழுசாகச் சட்டத்துக்குள் வராது. கைப்பேசியில் 0.5 அகலக் கோணம் இருந்தால் அதைப் போட்டு, முழங்கால் உயரத்தில் பிடித்து, மேல்நோக்கிச் சாயுங்கள். அங்கே கண்ணாடிச் சில்லு மாதிரி ஒரு லென்ஸை மாட்டிக்காட்டி விற்கிறவர்கள் சுற்றுவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடங்கள். உங்கள் கைப்பேசியிலேயே அந்த வசதி இருக்கக்கூடும்.

எங்கள் தேர்வு சலோமா பாலம். 2020-இல் திறந்த 69 மீட்டர் நடைபாலம், கிள்ளான் ஆற்றையும் நெடுஞ்சாலையையும் தாண்டி கம்போங் பாருவைச் சேரும். வெற்றிலை அடுக்கின் வடிவம், இரவில் நிறம் மாறி மாறி ஒளிரும். கோபுரம் பின்னால் முழுசாக விழும். கேஎல்சிசியிலிருந்து பதினைந்து நிமிட நடை. சூரியன் இறங்கி வானம் கறுப்பதற்கு முந்திய இருபது நிமிடம், அதாவது 7.20 முதல் 7.40 வரை, விளக்கும் வானமும் சேர்ந்து விழும். முழுதாக இருட்டியபின் எடுத்தால் கோபுரம் மட்டும் வெள்ளையாக எரிந்து நிற்கும்.

கோயில் பார்க்காமல் அம்மா வரமாட்டார். எப்படிச் சேர்ப்பது?

கேஎல்சிசியிலிருந்து நான்கு நிறுத்தம் பாசார் செனி. அங்கிருந்து நடந்தால் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயம். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை எழுப்பியது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் வெள்ளி ரதம் இங்கிருந்துதான் புறப்படும். மாலைப் பூசையை ஒட்டிப் போவது நல்லது. செருப்பை வாசலிலேயே விடவேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரலுக்குப் பின்னாலேயே. பூச்சரம், புடவை, முறுக்கு, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் அங்கே. முக்கியச் சாலையின் பெயர் ஜாலான் துன் சம்பந்தன். துன் சம்பந்தன் நம் சுங்கை சிப்புட்டில் பிறந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கியவர். பிள்ளைகளைப் பெயர்ப்பலகைக்குக் கீழே நிறுத்திச் சொல்லிக்கொடுக்கலாம்.

பத்துமலையைக் காரில் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். 272 படி, 42.7 மீட்டர் முருகன். மாலை 5 மணிக்கு ஏறினால் வெயில் தாழ்ந்திருக்கும். தைப்பூச வாரத்தில் கோபுரப் பயணத்தோடு இதைச் சேர்க்கவே கூடாது. படி செங்குத்து, மின்தூக்கி இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே உள்ள சன்னதிகளில் கும்பிட்டுக் காத்திருக்கட்டும். கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்கு பிடுங்கும். அரைக்கால் சட்டை, குட்டைப் பாவாடையோடு போனால் அடிவாரத்தில் சாரோங் வாடகைக்கு எடுக்க வேண்டிவரும்.

சாப்பாடு?

பசியாறுவதை நெடுஞ்சாலை ஓய்விடத்தில் முடியுங்கள். மதியத்துக்கு சூரியா கேஎல்சிசியில் இரண்டாம் மாடியிலும் நான்காம் மாடியிலும் உணவுக்கூடம் உண்டு. 12.30 முதல் 2 வரை அலுவலகக் கூட்டம் நிரம்பும், உட்கார இடம் கிடைக்காது. 11 மணி டிக்கெட் எடுத்தவர்கள் இறங்கியதும் நேராகப் போனால் தப்பலாம். வெள்ளிக்கிழமை சைவக்காரர்களுக்கு அங்கே தேர்வு குறைவு. பிரிக்பீல்ட்ஸ் வரை பொறுக்க முடிந்தால் வயிறும் மனசும் நிறையும், செலவும் குறையும்.

மழை பெய்தால்?

கோலாலம்பூர் மழை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு மேல் இடியோடு கொட்டும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் அதிகம். மேகம் இறங்கினால் 86-ஆம் மாடியில் வெள்ளைச் சுவர்தான் தெரியும். காலை நேர டிக்கெட்டைச் சொல்வதற்கு அதுவும் காரணம். மழை பிடித்துக்கொண்டால் மாநாட்டு மையத்திலிருந்து புக்கிட் பிந்தாங் வரை குளிரூட்டிய மேல்நடைபாதை இருக்கிறது, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இலவசம். கோகேஎல் எனும் நகர பஸ்ஸும் கேஎல்சிசிக்கும் புக்கிட் பிந்தாங்குக்கும் ஓடும், மலேசியருக்குக் காசில்லை.

ஒரு நாளில் எத்தனை இடம் தாங்கும்?

மூன்று. காலை 6-க்குப் புறப்பட்டு 9.15-க்கு சுங்கை பூலோ, 10.15-க்குக் கோபுர முகப்பு, 11-க்கு ஏறி 12-க்கு இறங்கி, சாப்பாடு. ஒன்றரை மணி முதல் மூன்று வரை பூங்காவோ அக்குவாரியாவோ. பிறகு பாசார் செனியில் அம்மனைக் கும்பிட்டு, அங்கேயே காஜாங் வழித்தட எம்ஆர்டியில் ஏறி, குவாசா டாமன்சாராவில் மாறினால் இரண்டாவது நிறுத்தம் சுங்கை பூலோ. 6.30-க்குக் காரில் இருப்பீர்கள். பத்துமலை வேண்டுமென்றால் அம்மனை விட்டுவிட்டு 3 மணிக்கே கேஎல்சிசியிலிருந்து கிளம்ப வேண்டும். சலோமா பாலத்தில் படமும் இரவு நீரூற்றும் வேண்டுமென்றால் இரவு தங்குங்கள்.

கூட்டத்தில் யாராவது தவறிப்போனால்?

சூரியா கேஎல்சிசிக்குள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், ‘வாசலில் நில்லு’ என்றால் எந்த வாசல் என்று தெரியாது. ஜாலான் அம்பாங் பக்கமா, பூங்காப் பக்கமா என்று சொல்லிக்கொடுங்கள். பூங்காப் பக்க நீரூற்றுப் படி எல்லோரும் சுலபமாகக் கண்டுபிடிக்கும் இடம். பெரியவர்கள் சட்டைப்பையில் ஒரு தாளில் குழுத் தலைவரின் கைப்பேசி எண் இருக்கட்டும். தேடிப்போகிறவர் ஒருவர் மட்டும். மற்றவர்கள் படியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு பேர் நாலு பக்கம் தேடப் போனால் ஐந்து பேரைத் தேடவேண்டி வரும்.